சுருதி போட்டது யார்? வீட்டுச் சாதகத்தின் ஐந்நூறு வருஷக் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

மூக்கண்டப்பள்ளியிலிருந்து பேசறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. சிப்காட் பக்கத்துல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணா அது இல்லாம முடியாது.

இந்தப் பகுதியில இப்போ பாட்டு கிளாஸ், கீபோர்டு கிளாஸ், மிருதங்க கிளாஸ் எல்லாம் வந்தாச்சு. வாடகை வீட்டு மாடியில, ஹால்ல பாய் விரிச்சு, வாரத்துக்கு ரெண்டு நாள், முக்கால் மணி நேரம். குழந்தைங்க ஆசையா சேர்றாங்க. கொஞ்ச மாசத்துல நிறையப் பேர் நின்னுடறாங்க. ஏன்னு அப்பா அம்மாகிட்ட கேட்டா, கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும்: "கிளாஸ்ல நல்லா பாடறா. வீட்லதான் உட்கார மாட்டேங்கறா."

இந்த ஒரு வாக்கியத்தைப் பத்திதான் இன்னைக்கு எபிசோடு. கேட்டா குழந்தையோட குறை மாதிரி இருக்கு. ஆனா இந்த வாக்கியத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு. நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்கவே முடியாது. ஏன்னா அன்னைக்கு 'கிளாஸ்' தனியா, 'வீடு' தனியா இல்லை. ரெண்டும் எப்போ பிரிஞ்சது, பிரிஞ்சப்போ எது தொலைஞ்சது, அதை ஒரு ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டுல திரும்பக் கொண்டுவர முடியுமா? இந்த மூணு கேள்விதான்.

சரளி வரிசைங்கற தொழில்நுட்பம்

ஆரம்பம் நம்ம பக்கத்துலயே இருக்கு. பதினாறாம் நூற்றாண்டுல இந்த ஓசூர் வட்டாரம் விஜயநகர ஆட்சிக்கு உட்பட்ட நிலம். அதே ஆட்சியில வாழ்ந்தவர் புரந்தரதாசர். அவருடைய காலம் 1484 முதல் 1564 வரைன்னு சொல்றது வழக்கம். கன்னடத்துல பாடின ஹரிதாசர். கர்நாடக இசையின் பிதாமகர்னு அவரைச் சொல்றதுக்குக் காரணம் அவர் பாட்டுகள் மட்டும் இல்லை. ஒரு குழந்தை முதல் நாள் எதிலிருந்து ஆரம்பிக்கணும், அடுத்து எது, அதுக்கடுத்து எதுன்னு ஒரு படிக்கட்டு கட்டினவர் அவர்தான்னு மரபு சொல்லுது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அப்புறம் கீதம். இன்னைக்கு மூக்கண்டப்பள்ளி மாடியில உட்கார்ற குழந்தையும், டொராண்டோவுல ஆன்லைன்ல கத்துக்கற குழந்தையும் இதே படிக்கட்டுலதான் ஏறுது.

ஏன் முதல் ராகம் மாயாமாளவகௌளை? கீபோர்டு வெச்சிருக்கறவங்க இதை அழுத்திப் பாருங்க. ஸ-ரி நெருக்கம், ரி-க பெரிய தாவல், க-ம மறுபடி நெருக்கம். இப்போ மேல் பாதி: ப-த நெருக்கம், த-நி பெரிய தாவல், நி-ஸ நெருக்கம். கீழ்ப் பாதியில எந்த இடைவெளியோ, அதே இடைவெளி மேல் பாதியிலும். குழந்தை பாதியைக் கத்துக்கிட்டா மீதி அதே அச்சுல வந்துடும். நெருக்கமும் தாவலும் காதுக்குத் தெளிவா வித்தியாசப்படறதால தப்பு வந்தா குழந்தைக்கே தெரியும்.

அடுத்தது மூணு காலம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதல் காலத்துல எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ரெண்டாம் காலத்துல ரெண்டு, மூணாம் காலத்துல நாலு. கை போடற தாளம் மாறாது, வாய் மட்டும் வேகம் மாறும். ஒரே வரியை வெச்சு மூணு விதமான சவால். யோசிச்சுப் பாருங்க, இது அப்படியே வீட்டுல தனியா பண்ணக்கூடிய பயிற்சி. சின்னது, திரும்பத் திரும்பச் செய்யலாம், சரியா வந்ததா இல்லையான்னு உடனே தெரியும்.

ஆனா அந்தக் காலத்துல இதை யாரும் தனியா பண்ணலை. இங்கதான் கதை சுவாரசியமாகுது.

வீடே வகுப்பா இருந்த காலம்

குருகுலம்னு சொன்னதும் நமக்கு ஒரு படம் வரும். விடியற்காலை நாலு மணி, கழுத்தளவு தண்ணியில நின்னு பாடற சிஷ்யன், 'அசுர சாதகம்'. அந்தக் கதைகளை வெச்சுக்கிட்டுத்தான் இன்னைக்கும் குழந்தைங்களைத் திட்டறாங்க. "அந்தக் காலத்துல எப்படி உழைச்சாங்க தெரியுமா?"

உழைச்சாங்க, உண்மைதான். ஆனா குருகுலத்துல இருந்த சிஷ்யன் 'இன்னைக்குப் பாடலாமா வேண்டாமா'ன்னு தினமும் முடிவெடுக்கவே இல்லை. அவன் குரு வீட்டுலயே இருக்கான். எழுந்தா காதுல விழறது பாட்டு. தண்ணி எடுத்து வரும்போது உள்ளே யாரோ வர்ணம் பாடறாங்க. இவன் பாடினா பக்கத்து அறையிலிருந்து குரு காதுல விழும், தப்பா இருந்தா அங்கிருந்தே ஒரு குரல் வரும். பழக்கம் அந்தப் பையனோட மனவுறுதியில இல்லை, அந்த வீட்டோட ஏற்பாட்டுல இருந்தது.

குரு வீட்டுக்குப் போகாமலே, பிறந்த வீடே அப்படி இருந்தவங்களும் உண்டு. சென்னை ஜார்ஜ் டவுன்ல வீணை தனம்மாள் வீடு. தனம்மாள் 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுல வீணை வாசிப்பு நடக்கும். பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து சத்தமில்லாம உட்கார்ந்து கேட்பாங்க. அந்த வீட்டுக் குழந்தைகள் யாருன்னு பாருங்க: டி. பிருந்தா, டி. முக்தா, நாட்டியத்துல உலகப் புகழ்பெற்ற பாலசரஸ்வதி. எல்லாரும் தனம்மாளின் பேத்திகள். பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளைகிட்டயும் போய்க் கத்துக்கிட்டவங்க. ஆனா காது வளர்ந்தது அந்த வீட்டுல.

மதுரையில இன்னொரு வீடு. எம்.எஸ். சுப்புலட்சுமியோட அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். அந்த வீட்டுல சின்னப் பொண்ணா இருந்தப்போ எம்.எஸ். தானாகவே ஒரு பயிற்சி கண்டுபிடிச்சிருந்தாங்க. தம்புராவை நிறுத்திட்டுப் பாடறது, கொஞ்ச நேரம் கழிச்சு மீட்டி, சுருதியிலதான் இருக்கோமான்னு தானே சோதிச்சுக்கறது. விளையாட்டு மாதிரியே இருக்கு, இல்லையா? ஆனா அந்த விளையாட்டுக்கு வீட்டுல ஒரு தம்புரா, சுருதி சேர்த்த நிலையில, கை எட்டற தூரத்துல இருக்கணும்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். இந்த வீடுகள் எல்லாருக்கும் திறந்திருக்கலை. எந்தச் சாதியில பிறந்தோம், ஆணா பெண்ணாங்கறதை வெச்சுத்தான் யாருக்கு எந்த வீட்டுக் கதவு திறக்கும்னு முடிவாச்சு. தனம்மாள் வீட்டுப் பெண்கள் பரம்பரையா இசையும் நாட்டியமும் காத்தவங்க. அவங்க சமூகத்துக்கு அன்னைக்கு இருந்த அவமானமும் சின்னதில்லை. சில வீடுகள்ல கண்டிப்பு அடி உதை வரைக்கும் போனதும் உண்டு. அதனால 'பழைய காலமே பொற்காலம்'னு நான் சொல்லப் போறதில்லை. அந்த வீடுகள்ல இருந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கலாம்: குழந்தை பாடினா, கேட்க ஒருத்தர் இருந்தார்.

இது நம்ம ஊர் விசேஷம்னு மட்டும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில பாக் 1720-ல் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக ஒரு பயிற்சிப் புத்தகம் ஆரம்பிச்சார். பையனுக்கு ஒன்பது வயசு. விரல் எங்க வைக்கணும்ங்கறதுலேருந்து ஆரம்பிச்சு, மெதுவா ஏறிப் போற புத்தகம். அங்கேயும் அதேதான்: படிக்கட்டு, வீடு, கேட்கற ஒரு அப்பா.

உ.வே.சா. பாட்டை விட்ட கதை

கேட்கறவர் மனசு வெச்சா பழக்கம் வளரும். மனசு வைக்கலைன்னா? அதுக்குத் தமிழ்ல ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கு.

உ.வே. சாமிநாதையர், நம்ம தமிழ்த் தாத்தா, இசைக் குடும்பத்துப் பையன். அப்பா வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையர்கிட்ட சங்கீதம் கத்துக்கிட்டவர். 1871-ல் மாயவரத்துல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்டத் தமிழ் படிக்க உ.வே.சா. சேர்ந்தார். அதே ஊர்ல இருந்தவர் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதின கோபாலகிருஷ்ண பாரதியார். மகனோட இசைப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு அப்பா பாரதியார்கிட்ட ஏற்பாடு செய்ய, உ.வே.சா. அவர்கிட்ட சங்கீதப் பாடமும் கேட்க ஆரம்பிச்சார்.

விஷயம் பிள்ளையவர்களுக்குத் தெரிஞ்சது. அவர் கோபப்படலை, திட்டலை. சங்கீதத்துல மனசு போனா இலக்கியப் படிப்புல கவனம் குறையும்ங்கற கருத்தைச் சொன்னார். அவ்வளவுதான். உ.வே.சா. பாட்டுப் பாடத்தை நிறுத்திட்டார்.

தமிழுக்கு அதனால நஷ்டமில்லை, சங்க இலக்கியம் அச்சுக்கு வந்தது. ஆனா இந்தச் சம்பவத்துல எனக்கு முக்கியமாப் படறது வேற. குருவா நினைக்கற ஒருத்தர் பிரியமாச் சொன்ன ஒரே ஒரு கருத்து போதும், ஒரு பழக்கம் அன்னைக்கே நின்னுடும். இன்னைக்கு நம்ம வீடுகள்ல அந்த வாக்கியம் எப்படி வரும்? "டென்த் வந்துடுச்சு. பாட்டு கிளாஸை இப்போதைக்கு நிறுத்திக்கலாம்." பிரியமாத்தான் சொல்றாங்க. அந்த 'இப்போதைக்கு' பெரும்பாலும் திரும்பி வர்றதில்லை.

வகுப்பு வீட்டை விட்டு வெளியே போனது

இப்போ இருபதாம் நூற்றாண்டு. மூணு மாற்றங்கள் ஒண்ணுக்கு மேல ஒண்ணா வருது.

முதல்ல அச்சு. 1904-ல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். வாய்வழியா வந்த உருப்படிகள் ஸ்வரக் குறிப்போட தெலுங்கு எழுத்துல புத்தகமாச்சு. குரு பக்கத்துல இல்லாதப்பவும் பாட்டு காகிதத்துல இருக்கும்ங்கற நிலைமை மெல்ல வந்தது. பின்னாடி 'கானாம்ருத போதினி' மாதிரி ஆரம்பப் பாடப் புத்தகங்கள் வீட்டு அலமாரிக்கே வந்துடுச்சு. உங்க வீட்டுலயும் அட்டை கிழிஞ்ச ஒரு பிரதி இருக்கலாம்.

ரெண்டாவது நிறுவனங்கள். 1928-ல் சென்னை மியூசிக் அகாடமி. 1929-ல் சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதோட இசைக் கல்லூரி. 1943-ல் தமிழ் இசைச் சங்கம். 1949-ல் சென்னையில அரசு இசைக் கல்லூரி, அதன் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அப்புறம் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள். நம்ம கிருஷ்ணகிரியிலயும் ஒண்ணு இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம்னு மூணு வருஷப் படிப்பு. இது பெரிய ஜனநாயக மாற்றம். எந்த வீட்டுல பிறந்தேங்கற கேள்வி இல்லாம ஒரு குழந்தை போய்ச் சேரலாம்.

மூணாவது, டியூஷன். நடுத்தரக் குடும்பங்கள்ல பெண் குழந்தைகளுக்குப் பாட்டு கத்துக்கொடுக்கறது வழக்கமாச்சு. பெண் பார்க்க வரும்போது 'ஒரு பாட்டுப் பாடும்மா'ன்னு கேட்பாங்களே, அந்தக் காலம். வாத்தியார் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துட்டுப் போயிடுவார்.

மூணுமே நல்ல மாற்றம்தான். ஆனா சேர்ந்து ஒரு காரியம் பண்ணிச்சு. கத்துக்கற இடம் ஒண்ணு, பழகற இடம் இன்னொண்ணுன்னு ஆச்சு. சாதகம்ங்கறது வீட்டுப்பாடம் ஆச்சு. கணக்குப் போடுங்க: வாரத்துக்கு 168 மணி நேரம். கிளாஸ் ஒன்றரை மணி நேரம். மீதி 166½ மணி நேரம் குழந்தை இருக்கறது இசை இல்லாத வீட்டுல. குருகுலத்துல வீடு செஞ்ச வேலையை இப்போ குழந்தை தனியா செய்யணும். எட்டு வயசுக் குழந்தை!

துருத்தியை அமுக்கின கை

இருந்தும் ரொம்ப நாள் ஒரு சின்ன இணைப்பு மிச்சம் இருந்தது. அது சுருதிப்பெட்டி.

பழைய சுருதிப்பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? ஆர்மோனியத்தோட தம்பி மாதிரி ஒரு மரப்பெட்டி. பின்னாடி துருத்தி. அமுக்கி அமுக்கி விட்டாத்தான் காத்து போய் ஸ்வரம் நிக்கும். பாடறவங்க தாளமும் போட்டுக்கிட்டுத் துருத்தியும் அமுக்க முடியாது. வயலின், புல்லாங்குழல்னா கேட்கவே வேண்டாம், ரெண்டு கையும் வாத்தியத்துல. அதனால வீட்டுல இன்னொருத்தர் உட்காரணும். பாட்டி, அத்தை, அக்கா, யாரோ ஒருத்தர். 'சுருதி போடறது'ன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு சங்கீதம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. வெத்தலை போட்டுக்கிட்டு, அரைத் தூக்கத்துல கூட அமுக்கலாம். ஆனா அந்த அரை மணி நேரம் அவங்க அங்க இருந்தாங்க. "நேத்து இதே இடத்துலதானே நின்ன?"ன்னு ஒரு வார்த்தை வரும். "நல்லா வந்துடுச்சே!"ன்னு ஒரு வார்த்தை வரும்.

இப்போ நம்ம பக்கத்து ஊர் கதை. 1979-ல் பெங்களூர்ல ஜி. ராஜ் நாராயண்னு ஒரு என்ஜினியர், புல்லாங்குழல் கலைஞரும் கூட, ராடெல் நிறுவனத்தைத் தொடங்கினார். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி வந்தது, பின்னாலேயே எலக்ட்ரானிக் தம்புராவும் தாளக் கருவியும் வந்தது. சுவிட்சைப் போட்டா சுருதி. கையே வேண்டாம். தம்புராவைத் தூக்கிக்கிட்டு ரயில்ல போக வேண்டாம், துருத்தி கிழியாது, சுருதி விலகாது. கச்சேரி மேடையிலிருந்து சின்ன ஊர் கிளாஸ் வரைக்கும் எல்லாரும் வாங்கினாங்க. தம்புரா வாங்க வசதியில்லாத எத்தனையோ வீட்டுக்கு அதுதான் முதல் சுருதி.

நம்ம வட்டாரத்துலயும் அதே வருஷங்கள்ல தொழில் பெருகுது பாருங்க. 1971-ல் சிப்காட் உருவாச்சு, ஓசூர்ல நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை போட்டாங்க. 1980-ல் டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட் தொழிற்சாலை, அந்தப் பத்தாண்டுலேயே டைட்டன் கடிகாரம். மூக்கண்டப்பள்ளி கிராமம் தொழிலாளர் குடியிருப்பா மாறினது அப்படித்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசற ஊருக்கு, வேற ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். கூட்டுக் குடும்பம் ஊர்லயே தங்கிடுச்சு. இங்க வந்தது அப்பா, அம்மா, ஒண்ணு ரெண்டு குழந்தைங்க. சுருதி போட்டுக்கிட்டிருந்த பாட்டி இங்க வரலை.

அதாவது துருத்தி அமுக்க ஆள் இல்லாத வீடும், ஆளே வேண்டாத சுருதிப்பெட்டியும் ஒரே காலத்துல வந்து சேர்ந்தது. கச்சிதமான பொருத்தம். ஆனா சுருதி போடற வேலையோட சேர்த்து, பக்கத்துல உட்கார்ற வேலையும் சத்தமில்லாமப் போயிடுச்சு. இப்போ சுருதிப்பெட்டி மொபைல் ஆப். அதே போன்ல கேம் இருக்கு, வீடியோ இருக்கு. குழந்தை ஒரு அறையில தனியா, கையில போன், காதுல சுருதி. அப்புறம் "உட்கார மாட்டேங்கறா"ன்னு சொல்றோம்.

கருவி மேல தப்பு இல்லைங்க. நானும் அதை வெச்சுத்தான் பாடறேன். கருவி எந்த வேலையை எடுத்துக்கிச்சுன்னு நாம கவனிக்கலை, அவ்வளவுதான்.

வயலின் தொழிற்சாலை வீட்டுப் பையன்

இதே சிக்கலை வேற ஒரு தொழில் ஊர்ல ஒருத்தர் யோசிச்சார். ஷினிச்சி சுசூகி. 1898-ல் ஜப்பான்ல நகோயாவுல பிறந்தவர். அவங்க அப்பா வயலின் தொழிற்சாலை முதலாளி. வீட்டைச் சுத்தி வயலின், ஆனா ஷினிச்சி வாசிக்க ஆரம்பிச்சது கிட்டத்தட்ட பதினேழு வயசுலதான். அது ஒரு பொருள், தொழிற்சாலையில செய்யற சரக்கு. வீட்டுல பொருள் இருந்தா மட்டும் பழக்கம் வராதுன்னு அவர் வாழ்க்கையே சொல்லுது.

பின்னாடி சின்னக் குழந்தைகளுக்குக் கத்துக்கொடுக்க வந்தப்போ அவருக்கு ஒரு விஷயம் உறைச்சது. ஜப்பான்ல எல்லாக் குழந்தையும் ஜப்பானிய மொழி பேசுது! எந்தக் குழந்தையும் 'மொழி கிளாஸ்'ல தோத்துப்போகலை. ஏன்? தினமும் காதுல விழுது, சின்னச் சின்னதா திரும்பச் சொல்லுது, சொன்னதும் ஒருத்தர் சந்தோஷப்படறாங்க. இதையே வயலினுக்கும் செஞ்சா என்னன்னு கேட்டார். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் மட்சுமோட்டோ நகரத்துல அவர் பள்ளி ஆரம்பமாச்சு. அதோட மூணு விதிகள் நமக்கு முக்கியம். வாசிக்கப் போற பாட்டை வீட்டுல ரெக்கார்டுல முன்கூட்டியே கேட்கணும். அப்பாவோ அம்மாவோ கிளாஸ்ல கூடவே உட்காரணும், முதல் பாடங்களைத் தாங்களும் வாசிச்சுப் பார்க்கணும். வீட்டுப் பயிற்சி கொஞ்ச நேரமா, தினமும் இருக்கணும்.

கவனிச்சீங்களா? தனம்மாள் வீட்டுல இயல்பா இருந்ததை, இசையே தெரியாத வீட்டுல செயற்கையா உருவாக்கறார். அந்தப் பெற்றோர் வித்வான்கள் இல்லை. குழந்தையைவிட ரெண்டு பாடம் முன்னாடி இருந்தாப் போதும், சில சமயம் அதுவும் வேண்டாம்.

நம்ம வீட்டுக்கு வருவோம்

சரி, ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் மாறி மாறி வர்ற வீட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா? 'தினமும் காலை ஆறு மணிக்குச் சாதகம்'னு அட்டவணை போட்டா முதல் வாரமே உடையும். நைட் ஷிஃப்ட் முடிச்ச அப்பா பகல்ல தூங்கறார். ரெண்டே அறை. அப்போ பாட முடியுமா?

கடிகாரத்தோட கட்டாதீங்க, வேற ஒரு பழக்கத்தோட கட்டுங்க. ஸ்கூல்லேருந்து வந்து, முகம் கழுவி, பால் குடிச்ச உடனே. ஷிஃப்ட் எப்படி மாறினாலும் இது மாறாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஒரு ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. 96 பேர் ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தை, தினமும் நடக்கற ஒரு செயலோட சேர்த்து செஞ்சு பார்த்தாங்க. அது தானா வர்ற நிலைக்கு வர எடுத்த காலம், நடுவாந்தரமா 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள்லேருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். அவங்க பெரியவங்க, பழக்கமும் சாப்பாடு, உடற்பயிற்சி மாதிரி விஷயங்கள். ஆனா ரெண்டு பாடம் எடுத்துக்கலாம். ஒரு மாசத்துல வரலைன்னா அது தோல்வி இல்லை. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெரிசா ஒண்ணும் கெடலை.

நைட் ஷிஃப்ட் வாரத்துல சத்தம் வராத சாதகம் இருக்கு. ஆதி தாளத்தை மூணு காலத்துலயும் தொடையில மெதுவா போடலாம். மிருதங்கப் பிள்ளைங்க 'தகதிமி தகஜுணு'ன்னு சொற்கட்டை முணுமுணுக்கலாம். அலங்காரத்தை மனசுக்குள்ள பாடிக்கிட்டே தாளம் மட்டும் போடலாம். கீபோர்டுக்கு ஹெட்போன் இருக்கு. ஏழு தாளத்தையும் கையில போட்டுப் பழகவே ஒரு வாரம் பத்தாது.

எவ்வளவு நேரம்? 'பத்தாயிரம் மணி நேரம்'னு கேட்டிருப்பீங்க. 2008-ல் மால்கம் கிளாட்வெல் புத்தகம் வழியா பரவின எண் அது. அதுக்கு மூலம் 1993-ல் எரிக்சன் குழு வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் ஆய்வு. அதுல சுவாரசியமான பகுதி வேற: நல்லா வாசிச்ச மாணவர்கள் இடைவெளி விட்டு விட்டுப் பழகினாங்க, பகல்ல குட்டித் தூக்கமும் போட்டாங்க. அவங்க இசையையே தொழிலா எடுக்கப்போற இளைஞர்கள். எட்டு வயசுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் தாராளம். தடுமாறின ஒரே ஒரு வரி, மெதுவா, ரெண்டு தடவை சரியா வர்ற வரைக்கும். அதோட எழுந்துடலாம்.

வாத்தியத்தை உறைக்குள்ள போட்டு பீரோ மேல ஏத்தாதீங்க. எம்.எஸ். வீட்டுத் தம்புரா மாதிரி கை எட்டற இடத்துல இருக்கட்டும். சுருதிக்கு முடிஞ்சா தனியா ஒரு பழைய போன், சிம் இல்லாம.

கடைசியா, கேட்கற ஆள். முழு நேரமும் உட்கார முடியலைன்னா அஞ்சு நிமிஷம். வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேளுங்க. திருத்த வேண்டாம், அது டீச்சர் வேலை. "நேத்து எங்க நின்ன, இன்னைக்கு எங்க வந்த?"ன்னு மட்டும் கேளுங்க. அப்பா ஷிஃப்ட்ல இருந்தா, குழந்தை ஒரு நிமிஷம் பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். அவர் டீ பிரேக்ல கேட்டுட்டு ரெண்டு வார்த்தை பதில் போடட்டும். ஊர்ல இருக்கற பாட்டிக்கும் அனுப்பலாம். துருத்தி அமுக்க வேண்டாம், கேட்டாப் போதும்.

இது சாதாரணமாத் தெரியலாம். ஆனா நம்ம பகுதியில பாட்டு கத்துக்கற நிறையக் குழந்தைங்க அவங்க குடும்பத்துலயே முதல் தலைமுறை. ஐந்நூறு வருஷமா சில வீடுகளுக்கு மட்டும் கிடைச்சது, இப்போதான் மூக்கண்டப்பள்ளி மாடி வரைக்கும் வந்திருக்கு. கிளாஸ் ஃபீஸ் கட்டிட்டோம், சுருதி ஆப் போட்டுட்டோம். அந்தப் பழைய வீடுகள்ல இருந்து நமக்கு வர வேண்டிய பாக்கி, கேட்கற அந்த அஞ்சு நிமிஷம்தான். அதுக்கு சங்கீதம் தெரிய வேண்டாம், பரம்பரையும் வேண்டாம்.

இதைக் கேட்கற நிறையப் பேருக்கு இன்னும் குழந்தை இருக்காது, தெரியும். ஆனா அக்கா பொண்ணு, பக்கத்து வீட்டுப் பையன், தம்பி யாராவது கத்துக்கிட்டிருப்பாங்க. இன்னைக்கு சாயங்காலம் அவங்ககிட்ட 'எத்தனாவது சரளி வரிசை நடக்குது?'ன்னு கேட்டு, பாடச் சொல்லி, முழுசா உட்கார்ந்து கேட்டுட்டு வாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.